மாலை நேர மையங்களில் குழந்தைப் பாதுகாப்பு: காவல்துறைச் சான்றிதழோடு முடிகிற வேலை இல்லை

பள்ளிக்கூடம் என்றால் கல்வித்துறையிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்த முடியாது. இரண்டிலும் சேராத இடங்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. டியூஷன் சென்டர், கபடி, சிலம்பம், செஸ் அகாடமி, பரதநாட்டிய வகுப்பு, டிரஸ்ட் நடத்தும் மாலைப் படிப்பு மையம், கோடை முகாம். வாடகைக்கு ஒரு மாடி, சம்பளத்துக்கு நாலு பேர், சாயங்காலம் ஐம்பது அறுபது பிள்ளைகள். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பதிவு அந்த இடங்களை நடத்துகிறவர்களுக்கு.

'நாம சின்ன இடம், நமக்கெல்லாம் சட்டம் கிடையாது' என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அது தவறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்துக்கு 2020இல் புதிய விதிகள் வந்தன. பிள்ளைகளைத் தங்க வைக்கும் நிறுவனம் மட்டுமல்லாமல், அவர்களோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும், விளையாட்டு அகாடமி உட்பட, தன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும் என்று 3ஆவது விதி சொல்கிறது. பாடம் நடத்துபவர், நடத்தாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வித்தியாசம் இல்லை. சேரும்போது ஒருமுறை செய்தால் போதாது, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டும். ஊழியர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் அவ்வப்போது தர வேண்டும்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதைச் செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. ஒருவர் மேல் வழக்கு இருக்கிறதா என்பதைத்தான் அந்தச் சான்றிதழ் சொல்லும். யாரும் புகார் கொடுக்காமல் 'நாளையிலிருந்து வராதீங்க' என்று மூன்று இடத்தில் அனுப்பிவைக்கப்பட்ட ஆள் அதில் சுத்தமாகத்தான் தெரிவார். பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018இல் தொடங்கப்பட்டது என்றாலும் அதைக் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும்.

அதனால் முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் போடுவது கட்டாயம். குறைந்தது இரண்டு இடம். அவர் எழுதிக் கொடுத்த செல் நம்பருக்குப் பேசக் கூடாது, அந்த நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். ஏன் வேலையை விட்டார்? பிள்ளைகளிடம் நடந்துகொண்டது பற்றி யாராவது எப்போதாவது ஏதாவது சொன்னார்களா? திரும்பவும் அவரைப் பிள்ளைகளோடு வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். 'நல்லா கோச்சிங் பண்ணுவார் சார்' என்று வேறு பதில் வந்தால் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். பேசிய தேதி, பேசியவர் பெயர், சொன்னது எல்லாவற்றையும் அவருடைய கோப்பில் எழுதி வையுங்கள்.

டிரைவர், வாட்ச்மேன், சமையல்காரர், கம்ப்யூட்டர் சரிபார்க்க மாதம் ஒருமுறை வருபவர் எல்லோரும் இதில் அடக்கம். சனிக்கிழமை வரும் கல்லூரித் தன்னார்வலர்களும், கம்பெனியிலிருந்து சமூக சேவைக்கு என்று வருபவர்களும் ஒரு நாள்தான் வருகிறார்கள். அவர்களுக்குச் சரிபார்ப்பு செய்து முடிக்க நேரம் இருக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான்: எந்த நேரத்திலும் பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள், பிள்ளைகளின் போன் நம்பரை வாங்க அனுமதிக்காதீர்கள். நிர்வாகியின் மச்சான், டிரஸ்டியின் மகன் என்று உள்ளே வருகிறவர்களிடம்தான் இந்த விதிகள் பெரும்பாலும் உடைகின்றன. அங்கே உடைந்தால் மற்ற ஊழியர்களும் அதைக் கவனித்துவிடுவார்கள்.

ஆள் எடுப்பதைவிட அன்றாடம் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் பாதுகாப்பு அதிகம் இருக்கிறது. அடிப்படை ஒன்றே: ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மற்றவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. கேட்க எளிது. அது தவறிப்போகிற இடங்கள் எவை என்று பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

வகுப்புக் கதவில் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அதன்மேல் திருக்குறள் சார்ட் ஒட்டியிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் ஒட்டியதில்லை, ஆனால் கண்ணாடி போய்விட்டது. மாதம் ஒருமுறை யாராவது சுற்றிப் பார்த்து, கண்ணாடி திறந்திருக்கிறதா, ஸ்டோர் ரூம் பூட்டியிருக்கிறதா, மொட்டைமாடிச் சாவி யாரிடம், கழிப்பறை விளக்கு எரிகிறதா, உள்தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று குறித்து வைக்க வேண்டும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் நேரத்தைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது எட்டரை மணி. வகுப்பு எட்டு மணிக்கு முடிந்துவிட்டது. ஒரு பையனுடைய அப்பா மட்டும் இன்னும் வரவில்லை. மற்ற ஊழியர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். ஒரு சார், ஒரு பையன், பாதி விளக்கு அணைத்த கட்டடம். 'நானே பைக்ல கொண்டுபோய் விட்டுடறேன்' என்று சார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கடைசிக் குழந்தை கிளம்பும்வரை இரண்டு பேர் இருக்க வேண்டும், பைக்கில் யாரையும் தனியாக ஏற்றக் கூடாது என்பது விதியாக இருந்தால், இரண்டாவது ஆளுக்கு அந்த அரை மணி நேரச் சம்பளத்தை நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமல் விதியை மட்டும் எழுதி ஒட்டுவதில் பிரயோஜனமில்லை. தாமதமாக வரும் பெற்றோரின் எண்ணையும், அவர் வராவிட்டால் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பதையும் சேரும் படிவத்திலேயே வாங்கிவிடுங்கள்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்பதற்கு இங்கிலாந்தின் என்எஸ்பிசிசி என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் கணக்கு கைக்கு உதவும்: 4 முதல் 8 வயதுவரை 6 பேருக்கு ஒருவர், 9 முதல் 12 வரை 8 பேருக்கு ஒருவர், 13 முதல் 18 வரை 10 பேருக்கு ஒருவர். கூட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். நம் ஊர் மையங்களுக்கு இந்த எண்ணிக்கை எட்டாததாகத் தோன்றலாம். 'குறைந்தது இரண்டு பேர்' என்பதையாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் தொடாமல் கற்றுக்கொடுக்க முடியாது. தொடுவதற்கு முன்னால் 'உன் தோளைப் பிடித்துத் திருப்பப் போறேன், சரியா?' என்று சொல்லிவிட்டுத் தொடுவது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் மட்டும் தொடுவது, வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் கேலி செய்யாமல் வேறு வழியில் காட்டுவது: இந்த மூன்றும் பழக்கமாக வேண்டும். கோச் பிள்ளைகளுக்கு மசாஜ் செய்வது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அது பிசியோதெரபிஸ்ட் வேலை. கபடி, மல்யுத்தம், பாக்ஸிங் மாதிரி எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் எடை பார்க்கும் நேரத்தையும் விதிகளில் சேருங்கள். 200 கிராம் கூடுதல் என்று வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், அடுத்தது டிராயரை. பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். மெல்லிய உடை எது என்று முதலிலேயே முடிவு செய்து, பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஊழியர், ஆண் பிள்ளைகளுக்கும் திரை போட்ட இடம் என்று வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. இதில் பையன்களை யாரும் நினைப்பதே இல்லை. போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரிக்கவில்லை, 18 வயது நிறையாத எல்லோருக்கும் பொது.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பணம் மிச்சம் பிடிக்க ஒரே அறையில் கோச்சும் பிள்ளைகளும் படுப்பது சகஜமாக இருக்கிறது. அது கூடாது. பெரியவருக்குத் தனி அறை, பிள்ளைகளுக்குத் தனி அறை, அங்கேயும் 10 வயதுப் பையனை 17 வயதுப் பையனோடு போடக் கூடாது. இரவில் அறையைப் பார்க்கப் போனால் இரண்டு பேராகப் போக வேண்டும், கதவைத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருக்கும் அணியோடு பெண் பொறுப்பாளர் போக வழியில்லை என்றால் அந்தப் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள். எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

செல்போன் விஷயத்தில் சுலபமான விதி போதும். பிள்ளைக்குத் தனியாக எந்த ஊழியரும் மெசேஜ் அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் இருப்பார்கள், இன்னொரு ஊழியரும் இருப்பார். பிள்ளையே தனியாக மெசேஜ் அனுப்பினால் பதிலைக் குழுவில் போடுங்கள், சொந்த விஷயமாக இருந்தால் பொறுப்பாளரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் மாணவர்களைப் பின்தொடர்வது, தானாக அழியும் மெசேஜ், இரவு பத்து மணிக்கு மேல் போன் எதுவும் வேண்டாம். பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தைப் போடும்போது முழுப் பெயர், பள்ளி, வகுப்பு நடக்கும் நேரம் மூன்றையும் சேர்த்துப் போட்டால் முன்பின் தெரியாதவர் கேட்டில் வந்து நிற்க அதுவே போதும்.

தனிப்பட்ட பரிசுகளையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும். ஷூ வாங்கித் தருவது, ரீசார்ஜ் செய்வது, கட்டணத்தைத் தானே கட்டுவது. உதவி தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். உதவியை நிறுவனத்தின் பெயரில் கொடுங்கள், கொடுத்தவர் யார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைத்தான் சம்பாதிக்கிறார். 'அவர் எங்க வீட்டுல ஒருத்தர் மாதிரி' என்று அம்மா சொல்லும் நிலை வந்த பிறகு அந்தப் பிள்ளை எதையும் வீட்டில் சொல்ல முடியாது. பிள்ளையின் மேல் கடனைச் சுமத்துகிற எந்தப் பரிசும் இந்த வழியில் போக வாய்ப்பு உண்டு.

இவ்வளவு விதி எதற்கு என்று கேட்பார்கள். விதி இல்லாத இடத்தில் ஆயாம்மா பார்ப்பதெல்லாம் 'என்னமோ சரியில்ல' என்ற உறுத்தல் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சாரைப் பற்றி மேடத்திடம் போய்ச் சொல்ல அவரால் முடியாது, வேலை போய்விடும். விதி இருந்தால், 'சார் நேத்து அந்தப் பையனை மட்டும் பைக்ல கூட்டிட்டுப் போனாங்க' என்று நடந்ததை மட்டும் சொல்லலாம். யார் மேலும் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. விதி மீறப்பட்டது, அவ்வளவுதான் செய்தி.

அப்படிச் சொன்னதை எழுத ஒரு நோட்டு வேண்டும். கவலைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம். பதிவு இப்படி இருந்தால் போதும்: 'செவ்வாய், இரவு 7.50. மாடி ஸ்டோர் ரூமில் பயிற்சியாளரும் ஏழாம் வகுப்பு மாணவியும். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. பந்து எடுக்கப் போனதாகச் சொன்னார். பார்த்தவர்: சமையலர். எழுதியவர்: பொறுப்பாளர்.' கருத்து வேண்டாம், ஊகம் வேண்டாம். அந்த வாரத்துக்குள் பயிற்சியாளரிடம் பேசி, அவர் சொன்ன பதிலையும் கீழே எழுதுங்கள். ஒரு பதிவைப் படித்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரே பெயர் மூன்று மாதத்தில் நாலு தடவை, அதுவும் ஒரே பிள்ளையோடு வந்தால் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தனித்தனி ஆட்களின் நினைவில் சிதறிக் கிடந்தால் அது ஒருபோதும் தெரியாது.

நோட்டை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் பெண், ஒருவராவது நிறுவனரின் குடும்பத்தைச் சேராதவர். புகார் நிறுவனர் மேலேயே என்றால்? ஊழியர் எல்லோருக்கும் கொடுக்கும் விதித்தாளில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணும் குழந்தைகள் உதவி எண் 1098உம் இருக்க வேண்டும். உள்ளேயே பேசித் தீர்க்கும் ஏற்பாடு மட்டும் இருக்கும் இடத்தில் தலைவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: குற்றம் நடந்ததாகவோ நடக்கப் போவதாகவோ தெரிந்தால் அது இந்த நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கும் விஷயமே இல்லை.

பிள்ளைகளுக்கும் இதே விதிகள் தெரிய வேண்டும். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு வருடத்துக்கு ஒன்று நடத்துவதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. சார் உனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, பைக்கில் ஏற்றக் கூடாது என்று பெரியவர்களுக்கான விதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால், மீறும்போது அவர்களுக்கே தெரியும். புகார்ப் பெட்டியை அலுவலக வாசலில், கேமராவுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். அங்கே யார் சீட்டுப் போடுவார்கள்? தண்ணீர் குடிக்கும் இடம் மாதிரி எல்லோரும் போய்வரும் இடத்தில், சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் வையுங்கள். சாவி நிறுவனரிடம் இருக்கக் கூடாது. வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் இரண்டு பேராகத் திறந்து, காலியாக இருந்தாலும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒரு பிள்ளை நேரில் வந்து சொன்னால் என்ன செய்வது? கேளுங்கள். 'அப்புறம்?' என்பதைத் தாண்டிக் கேள்வி வேண்டாம். 'அவர் இங்க தொட்டாரா?' என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால் பின்னால் நீதிமன்றத்தில் அது பிள்ளையின் வார்த்தையா உங்கள் வார்த்தையா என்ற கேள்வி வரும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். 'நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல இல்ல, உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்' என்பது போதும். பிள்ளை போன உடனே, அவர்கள் சொன்ன சொற்களிலேயே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல் எழுதி, தேதி, நேரம், கையெழுத்து போடுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பிரின்சிபாலிடம் ஒருமுறை, டிரஸ்டியிடம் ஒருமுறை, மனநல ஆலோசகரிடம் ஒருமுறை என்று நாலு தடவை சொல்ல வைத்தால் ஐந்தாவது தடவை போலீஸ் வரும்போது பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிற்க வைப்பது எல்லாவற்றையும்விடக் கொடுமை.

அடுத்து நீங்கள் விசாரிக்கக் கூடாது. போக்சோ 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் நடைமுறையில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது வழக்கம். பெற்றோர் சம்மதம் இல்லை என்பது காரணமாகாது. தெரிவிக்காவிட்டால் 21ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. விடுதிச் சிறுமிகளுக்கு நடந்தது தெரிந்தும் சொல்லவில்லை என்று மகாராஷ்டிரத்தில் ஒரு மருத்துவர் மேல் பதிவான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

இங்கே நடக்கும் பெரிய குழப்பம், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி அமைத்த உள்ளகக் குழுவுக்குப் பிள்ளையின் புகாரை அனுப்புவது. அந்தக் குழு என்ன விசாரித்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை அப்படியே நிற்கும். விசாரணை முடியட்டும் என்று காத்திருந்த நாட்கள் எல்லாம் தாமதமாகத்தான் எண்ணப்படும். இன்னொன்று, ஆதாரம் என்று நினைத்துப் படத்தையோ வீடியோவையோ நிர்வாகக் குழு வாட்ஸ்அப்பில் பகிர்வது. குழந்தையின் அப்படிப்பட்ட படத்தைப் பகிர்வதே தனிக் குற்றம். போனை அப்படியே போலீஸிடம் கொடுங்கள்.

தகவலை எழுத்தில் கொடுங்கள், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்கும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் காவல்துறை, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் அரசுக் குழுவான குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் 'எப்ஐஆர் எங்கே' என்று கேட்டால், அது இல்லாமலே பரிசோதிக்கச் சட்டம் சொல்கிறது என்று நிதானமாகச் சொல்லுங்கள். சிகிச்சை தனியார் மருத்துவமனையிலும் இலவசம். சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால் குளிக்க வைக்காதீர்கள், உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்குவது நல்லது. அதனால் 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்பது இதில் நடக்காது.

அதே நாளில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து விலக்குங்கள். என்ன புகார், யார் சொன்னது என்று அவரிடம் சொல்ல வேண்டாம், முதல் வேலையாகப் போனில் உள்ளதை அழிப்பார். ராஜினாமா கடிதம் கொடுத்தால் அத்தோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த தெரு அகாடமியில் சேர்ந்துவிடுவார். சிசிடிவி பதிவு ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் பதியும், ஆகவே அன்றே டிவிஆரை (கேமராப் பதிவுப் பெட்டியை) நிறுத்திக் காவல்துறையிடம் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு, வேன் லாக், கவலைப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டி வையுங்கள்.

மற்ற பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: ஒரு புகார் வந்தது, காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டோம், அந்த ஊழியர் பணியில் இல்லை, உங்கள் பிள்ளை ஏதாவது சொன்னால் இந்த எண்ணில் பேசுங்கள். எந்தப் பிள்ளை என்று ஊகிக்க வைக்கும் எதையும், வகுப்பு, ஊர், அணி எதையும் சொல்லாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். 'கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்' என்று அந்தப் பிள்ளையை நிறுத்திவைக்கும் வழக்கம் இருக்கிறது. ஊர் அதைத் தண்டனையாகத்தான் படிக்கும், பிள்ளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். வர விரும்பினால் அதே அணி, அதே நேரம், அதே இடம் அவர்களுக்கு இருக்க வேண்டும். மாற்ற வேண்டிய ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுச் செய்யுங்கள். குழந்தைகள் நலக் குழு வழக்கு முடியும்வரை துணை நிற்க ஒரு உதவியாளரை நியமிக்கலாம், அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. அதற்கு விண்ணப்பிக்க அந்தக் குடும்பத்தோடு போய்வாருங்கள்.